தலவாக்கலையின் ஞாயிற்றுச் சந்தை

தேயிலைத் தோட்டங்களில் வாரத்தின் ஆறு நாட்களும் ஒரே மாதிரிதான் விடியும். இருட்டோடு எழுந்து, ரொட்டி சுட்டு, பிள்ளைகளை ஒப்படைத்து, பிரட்டுக்கு ஓடி, அங்கிருந்து மலைக்கு ஏறி, கொழுந்து நிறுவைக்கு இறங்கி, மீண்டும் மலைக்கு ஏறி, பொழுது சாய லயத்துக்குத் திரும்பும் வாழ்க்கை. ஏழாம் நாளில் மட்டும் ஒரு மாற்றம். அன்று கூடை முதுகில் இல்லை. பை கையில் இருக்கிறது. படங்கும் கொங்காணியும் வீட்டில் கிடக்க, நல்ல சேலை வெளியே வருகிறது. ஏனென்றால் அன்று ஞாயிற்றுக்கிழமை, தலவாக்கலைக்குப் போகும் நாள், சந்தை நாள்.

ஆசிரியத் தொழிலின் நிமித்தம் மலைநாட்டில் சில ஆண்டுகளாகக் குடியிருக்கும் எனக்கு இந்தச் சந்தை இப்போது நன்கு பழகிவிட்டது. ஞாயிறு காலை அஹதிய்யா வகுப்பு முடிந்ததும் நானும் வீட்டாரும் பையோடு புறப்பட்டுவிடுவோம். நம் இதழைப் படிக்கும் சகோதரிகளில் பலர் வீட்டுக்கு வேண்டிய காய்கறியைத் தெருமுனைக் கடையிலோ கண்ணாடி போட்ட பெரிய கடையிலோ வாங்குகிறவர்களாக இருப்பீர்கள். உங்களை ஒரு நாளாவது இந்தச் சந்தைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது என் ஆசை. கால் வலிக்காமல் எழுத்தில் அழைத்துச் செல்கிறேன், வாருங்கள்.

ஊரும் வழியும்

அவிசாவளையிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ-7 வீதியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது தலவாக்கலை. வரும் வழியில் டெவன் நீர்வீழ்ச்சியையும் சென் கிளயர் நீர்வீழ்ச்சியையும் பஸ்ஸில் இருந்தபடியே பார்க்கலாம். ரயில் பாதை 1884-இல் ஹட்டனையும் 1885-இல் நானுஓயாவையும் எட்டியது. இரண்டுக்கும் நடுவே இந்த ஊரின் நிலையம். தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கும் சென் கூம்ஸ் தோட்டமும் பக்கத்தில்தான். 2012-இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தின் அணை இந்த ஊரிலேயே கட்டப்பட்டிருக்கிறது. அதற்காகப் பல நூறு குடும்பங்கள் இடம் மாறிப் புதிய வீடுகளுக்குப் போயின. இன்று நகரத்தின் ஓரத்தில் தேங்கி நிற்கும் நீரைப் பார்க்கிறவர்களுக்கு, இங்கே ஓர் ஆறு பாய்ந்துகொண்டிருந்தது என்று சொன்னால்தான் தெரியும்.

ஊர் இப்படி மாறினாலும் ஞாயிற்றுக்கிழமை மாறவில்லை. ஹோலிரூட், கிரேட் வெஸ்டர்ன், லிந்துலை, வட்டகொடை என்று நாலா பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் பஸ்ஸிலும், முச்சக்கர வண்டியிலும், குறுக்குப் பாதையில் நடந்தும் சனங்கள் இறங்கி வருகிறார்கள். தோட்டங்களில் சம்பளம் மாதத்தின் 10-ஆம் திகதியை ஒட்டிக் கொடுக்கப்படுவது வழக்கம். ஆகவே அதற்கு அடுத்து வரும் ஞாயிறு பெரிய சந்தை. தோளோடு தோள் இடிக்காமல் அன்று நடக்க முடியாது. மாதக் கடைசி ஞாயிறு சின்னச் சந்தை. அன்று நடக்க இடம் இருக்கும். வாங்கத்தான் கையில் இருக்காது. தீபாவளிக்கு முந்திய ஞாயிறும் ஏப்ரல் புத்தாண்டுக்கு முந்திய ஞாயிறும் தனிக் கணக்கு. நோன்புப் பெருநாளை ஒட்டி வரும் ஞாயிறுகளில் நம்மவர்கள் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

கண்ணுக்கு விருந்து

முதலில் காய்கறி வரிசை. நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடைப் பக்கங்களிலிருந்து வந்த கரட், லீக்ஸ், கோவா, பீற்றூட், நோக்கோல், ராபு, போஞ்சி. லீக்ஸ் வேரில் மண் காயாமல் இருக்கும். கரட்டின் தழை வாடாமல் இருக்கும். சமதரையிலிருந்து லொறி ஏறி வந்த கத்தரிக்காய், பூசணி, எலுமிச்சை, தேங்காய் எல்லாம் அடுத்த வரிசை. 1999-இல் தம்புள்ளையில் பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்ட பிறகு, வடக்கிலும் கிழக்கிலும் விளைந்தது மலைக்கும், மலையில் விளைந்தது ஏனைய ஊர்களுக்கும் அந்த வழியாகப் போய்வருவது பெருகியிருக்கிறது. தம் ஊர்க் காயை மலையில் கண்டதும் கிழக்கிலிருந்து வந்த ஆசிரியர்கள் உறவினரைக் கண்டதுபோல மகிழ்வார்கள்.

அடுத்தது கீரைக்காரிகள். இவர்களுக்குக் கடை இல்லை. ஒரு சாக்குத் துண்டுதான் கடை. லயத்தின் பின்னால் உள்ள சிறு தோட்டத்தில் வளர்த்த வல்லாரை, பொன்னாங்காணி, ஒரு கட்டு கறிவேப்பிலை, நாலு ரம்பை இலை, இரண்டு ஈரப்பலாக்காய், ஒரு கூறு மரவள்ளிக்கிழங்கு. பெரும்பாலும் வயதான பெண்கள். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். விற்றுத் தீர்ந்தால் அந்தக் காசிலேயே மாவும் சீனியும் வாங்கிக்கொண்டு போவார்கள்.

அதைத் தாண்டினால் கருவாட்டு வரிசை. மூக்கே வழிகாட்டும். நெத்தலி, கட்டா, சுறா, சாளை, மாசி எல்லாம் நீர்கொழும்பு, கற்பிட்டி போன்ற கடலோர ஊர்களின் செல்வம். தோட்டத்துச் சமையலில் கருவாடு ஒரு தூண். பச்சை மீன் மலையேறி வருவதற்குள் விலையும் ஏறிவிடும். கருவாடு வாரம் முழுவதும் கெடாது, குழம்பில் ஒரு துண்டு போட்டாலும் வீடு முழுக்க மணக்கும்.

பிறகு ஸ்வெட்டர், குடை, பிள்ளைகளின் பாடசாலைச் சப்பாத்து, பிளாஸ்டிக் வாளி, அலுமினியச் சட்டி, வளையல், ரிப்பன். ஓரத்தில் கச்சான், முறுக்கு, சுடச்சுட வடை. மழைத்தூறலுக்கு நடுவே தலைக்கு மேல் கட்டிய நீலப் படுதா காற்றில் அடித்துக்கொள்ளும். அதன் கீழே மூன்று சமூகங்களின் பேச்சும் ஒன்றாகக் கேட்கும். சிங்கள வியாபாரி “அக்கே, வாங்க வாங்க, இன்னைக்கி மலிவு” என்று தமிழில் அழைப்பார். தோட்டத்து அக்கா “கீயத மாத்தயா?” என்று சிங்களத்தில் விலை கேட்பார். துணிக்கடையில் இருக்கும் நம்மவரை எல்லோரும் “நானா” என்பார்கள். மேடை போட்டு இன ஒற்றுமை பேசுகிறவர்கள் ஒரு ஞாயிறு இங்கே வந்து அரை மணி நேரம் நின்று கேட்டால் நல்லது.

யார் கையில் பை?

இவ்வளவும் பொருட்களின் அழகு. ஆனால் இந்தச் சந்தையின் உண்மையான அழகு, வாங்க வருகிற பெண்களின் முகத்தில் இருக்கிறது.

தோட்டத்துப் பெண்ணின் ஆறு நாளும் மற்றவர் கணக்கில் ஓடுகிறது. எத்தனை கிலோ கொழுந்து எடுத்தால் ஒரு ‘பேர்’ என்பதைத் தோட்டம் சொல்லும். 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் அது வேறுபடும். தராசு தோட்டத்துடையது. எழுதும் கை கணக்கப்பிள்ளையுடையது. கொழுந்து நனைந்திருந்தால் தண்ணீருக்கு என்றும், சாக்குக்கு என்றும் கிலோக் கணக்கில் கழிப்பார்கள். கழிவு கூடிவிட்டது என்ற முறைப்பாடு மலைநாட்டில் பரம்பரை பரம்பரையாகக் கேட்டுவருவது. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். நாம் காலையில் ஊதி ஊதிக் குடிக்கும் தேநீரில் எத்தனை முறை அந்த விரல்கள் கிள்ளியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

முற்காலத்தில் அரிசியைக்கூடத் தோட்டமே கொடுத்துச் சம்பளத்தில் கழித்துக்கொண்டது. அதனால் மிச்சக் காசு கையில் வந்தபோது, அதை எங்கே எப்படிச் செலவழிப்பது என்பதே ஒரு சுதந்திரம். அந்தச் சம்பளமும் பல இடங்களில் பெண்ணின் கைக்கு வராமல் தந்தை கைக்கோ கணவன் கைக்கோ போனது. இன்று பையும் பணமும் தன் கையிலிருக்க ஒரு தாய் சந்தை வரிசையில் நடக்கிறாள் என்றால், அதன் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. வாரத்தில் இந்த ஒரு நாள்தான் தராசின் மறுபக்கத்தில் அவள் நிற்கிறாள். இன்று நிறுக்கிறவர் வேறொருவர். முள்ளைப் பார்க்கிறவள் அவள்.

கருவாட்டு வரிசையில் ஒரு முறை நான் கேட்ட உரையாடல் இது. நடுவயதுப் பெண் ஒருவர் கட்டாக் கருவாட்டை எடுத்து, வாலைப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டினார். உப்பு கொட்டியது. விரலால் அழுத்திப் பார்த்தார். ஈரம்.

“அண்ணே, உப்ப உதறிட்டு நிறுங்க” என்றார்.

“உதறினா எனக்கு என்னம்மா மிஞ்சும்?” என்று சிரித்தார் வியாபாரி.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. “எங்க கொழுந்துக்குத் தண்ணிக் கழிவு வெட்டுறாங்கல்ல? ஒங்க கருவாட்டுக்கு உப்புக் கழிவு வெட்டுனா என்ன?”

வியாபாரியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு அவர் கருவாட்டைத் தட்டில் இரண்டு முறை தட்டி, உப்பைக் கொட்டிவிட்டு, முள் நிலைக்கும்வரை காத்திருந்து நிறுத்துக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற இன்னும் இரண்டு பெண்கள் “எங்களுக்கும் அப்படியே” என்றார்கள்.

ஈரமும் இரட்டை அளவும்

அரபுக் கல்லூரியில் வியாபாரச் சட்டங்களைக் கிதாபுகளில் படித்தவன் நான். அன்று அந்தச் சகோதரி கேட்ட ஒரு கேள்வியில் ஒரு பாடமே அடங்கியிருந்தது. திருக்குர்ஆனின் 83-ஆம் அத்தியாயத்துக்கு ‘அல்முதஃப்பிபீன்’, அதாவது அளவில் குறைப்போர், என்றே பெயர். தமக்கு வாங்கும்போது ஓர் அளவும் பிறருக்குக் கொடுக்கும்போது இன்னோர் அளவும் வைத்திருப்பவர்களைத்தான் அது எச்சரிக்கிறது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருப்பதைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த நிகழ்ச்சியும் நமக்குத் தெரிந்ததே. மழையில் நனைந்துவிட்டது என்று அவர் காரணம் சொன்னார். நனைந்ததை ஏன் மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கவில்லை என்பதே அவருக்குக் கேட்கப்பட்ட கேள்வி. மழை குற்றமல்ல, மறைப்பது குற்றம்.

இந்தப் பாடம் மலைநாட்டுச் சந்தைக்கு அப்படியே பொருந்துகிறது. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான உருளைக்கிழங்கில் உள்ளூர் மண்ணைப் பூசி, வெலிமடைக் கிழங்கு என்று கூடிய விலைக்கு விற்கும் மோசடி பற்றி நம் பத்திரிகைகளில் செய்திகள் வந்ததுண்டு. கிழங்கு கெட்டதல்ல, பொய்தான் கெட்டது. பிரான்சு நாட்டிலும் நம்மைப் போலவே ஊர்தோறும் வாரச் சந்தை கூடுகிறது. காலையில் சதுக்கத்தில் கடை விரித்து, பகல் ஒரு மணியளவில் சுருட்டிவிடுவார்கள். அங்கே காய்கறிக் குவியலின் மேல் விலையையும், அது எந்த நாட்டில் விளைந்தது என்பதையும் எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம். பேரம் பேசும் வழக்கம் அநேகமாக இல்லை. நம் சந்தையின் கலகலப்பு அங்கே உண்டா என்பது வேறு விஷயம். ஆனால் பொருளின் பிறந்த ஊரைப் பலகையில் எழுதி வைக்கும் அந்த வழக்கத்தை, நனைந்ததை மேலே வை என்ற போதனையைப் பெற்ற நாம் அவர்களுக்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1995-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டத்தின்படி வியாபாரத் தராசுகளும் படிகளும் பரிசோதிக்கப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும். ஏமாற்றப்பட்டவர்கள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். தோட்டத்துச் சகோதரிகள் பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லிக் கொடுப்பது ஒரு ஸதகா.

வாங்குகிறவரின் கடமை

விற்கிறவருக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. சந்தையின் இன்பங்களில் பேரம் பேசுவதும் ஒன்று. ஆறு ரூபா குறைத்துவிட்டால் ஆறாயிரம் கிடைத்த மகிழ்ச்சி! பெரிய வியாபாரியிடம், அவரும் சிரித்து நாமும் சிரித்துப் பேரம் பேசுவதில் தவறில்லை. ஆனால் மாதச் சம்பளக்காரர்களாகிய நாம், சாக்குத் துண்டில் ஐந்து கட்டுக் கீரையோடு உட்கார்ந்திருக்கும் மூதாட்டியிடம் கடைசிப் பத்து ரூபாவுக்காகக் கால் மணி நேரம் வாதாடுவதைப் பார்க்கும்போது மனம் கூசுகிறது. அதே நாம் பெரிய கடையில் ஒட்டிய விலையை வாய் பேசாமல் கொடுத்துவிட்டு வருகிறோம். பலமானவரிடம் மௌனம், பலவீனரிடம் வாதம் என்றால், அதுவும் ஓர் இரட்டை அளவுதானே? விற்கும்போதும் வாங்கும்போதும் இலகுவாக நடந்துகொள்பவருக்காக நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்திருக்கிறார்கள். ‘வாங்கும்போதும்’ என்ற சொல்லை நாம் மறந்துவிடக் கூடாது.

2021-இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோதும், 2022-இன் நெருக்கடியிலும் இந்தச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது. தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது 2021-இல்தான்; அடுத்த ஆண்டிலேயே அந்த ஆயிரம் ரூபா சந்தையில் பாதியாகத் தேய்ந்தது. பிறகு சம்பளம் உயர்ந்தது. விலைகளும் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. அந்த நாட்களில் கிலோவில் கேட்டவர்கள் கால் கிலோவில் கேட்டார்கள். கால் கிலோ கேட்டவர்கள் ‘நூறு ரூபாவுக்குத் தாங்க’ என்றார்கள். அப்போதும் நூறு ரூபாவுக்குரிய கருவாட்டைச் சலிக்காமல் நிறுத்து, மேலே ஒரு சிறு துண்டைப் போட்டுக் கொடுத்த வியாபாரிகளை நான் பார்த்தேன். கீரைக்காரி ஒருவர் விற்காத கட்டைத் தன்னைப் போன்ற இன்னொருத்தியின் பையில் திணித்துவிட்டுப் போனதையும் பார்த்தேன். குளிரூட்டிய கடையின் இயந்திரம் ரசீது தரும். அந்தச் சிறு துண்டைத் தராது.

சந்தைக்குப் போகும் சகோதரிகளுக்கு

என் வீட்டார் சொல்லித் தந்த சில குறிப்புகளையும் எழுதிவிடுகிறேன். ஆண்கள் கையில் பட்டியல் கொடுத்தனுப்பினால் பட்டியலில் உள்ளது வரும். நல்லது வரும் என்று சொல்ல முடியாது. முடிந்தவர்கள் நீங்களே உடன் போங்கள்.

காலை நேரத்தில் பொருள் புதிது, விலை கூடுதல். கடை சுருட்டும் நேரத்தில் விலை குறைவு, பொருள் சோர்ந்திருக்கும். அன்றே சமைப்பதென்றால் பிந்திப் போகலாம். வாரத்துக்கு வைப்பதென்றால் முந்திப் போங்கள். போஞ்சியை ஒடித்தால் ‘டக்’ என்று ஒடிய வேண்டும். கோவாவைக் கையில் தூக்கினால் உருவத்தைவிடப் பாரமாக இருக்க வேண்டும். லீக்ஸின் வெள்ளைத் தண்டு நீளமாகவும் இறுக்கமாகவும் இருக்கட்டும். மடிப்புகளுக்குள் மண் இருக்கும், பிரித்துக் கழுவுங்கள். உருளைக்கிழங்கில் பச்சை படர்ந்திருந்தால் வேண்டாம். கருவாட்டை அழுத்திப் பாருங்கள், உதறச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. தராசில் பொருள் வைக்குமுன் முள்ளோ எண்ணோ பூச்சியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். சில்லறை கொண்டு போங்கள். கீரைக்காரியிடம் ஆயிரம் ரூபாத் தாளை நீட்டினால் அவள் வியாபாரத்தை விட்டுவிட்டுச் சில்லறைக்கு அலைய வேண்டும். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். எது எங்கே விளைகிறது, யார் விளைவிக்கிறார், ஒரு கிலோ என்றால் கையில் எவ்வளவு பாரம் என்பதையெல்லாம் வகுப்பறையைவிட அங்கே நன்றாகப் படிக்கலாம். கணக்குப் பாடத்தில் தடுமாறும் மாணவி ஒருத்தி, தாய்க்குத் துணையாக வந்து ‘முக்கால் கிலோ இருநூற்றி நாற்பதுன்னா ஒரு கிலோ முந்நூற்றி இருபது’ என்று நொடியில் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

லுஹர் பாங்கு சொல்லும் நேரத்துக்குச் சந்தையின் வேகம் குறையத் தொடங்கும். தலைச்சுமையும் கைச்சுமையுமாகப் பெண்கள் பஸ் நிற்கும் இடத்துக்கு நடப்பார்கள். மறுநாள் திங்கட்கிழமை; மறுபடியும் பிரட்டு, மறுபடியும் மலை, மறுபடியும் வேறொருவர் கையில் தராசு. அந்தத் தராசு நேராக நிற்க வேண்டும் என்று கேட்கும் உரிமை நமக்கும் உண்டு. அதற்கு முன் நம் கடையிலும் நம் பேரத்திலும் அது நேராக இருக்கட்டும். அடுத்த முறை கீரைக் கட்டொன்று வாங்கும்போது, அந்தக் கடைசிப் பத்து ரூபாவை அந்த மூதாட்டியின் கையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கறி குறையாது, பரகத் கூடும், இன்ஷா அல்லாஹ்.